நாடாப்புழு: இளைஞர்கள் கேட்டவை, பரிசோதனைக் கூடத்திலிருந்து பதில்கள்

பரதராமி, குடியாத்தம், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் கல்லூரி விடுதி என்று பல இடங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. மலப் பரிசோதனை என் அன்றாட வேலை. அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கே: அக்கா, எனக்கு 20 வயது. பள்ளியில் கொடுத்த பூச்சி மாத்திரை போதாதா?

ப: போதாது தம்பி. குடற்புழு நீக்க நாளில் பையன்களுக்கு 19 வயது வரைதான் மாத்திரை. அன்று தரும் ஒற்றை அல்பெண்டசோல் உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கானது. நாடாப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. அதற்கான மருந்து பிராசிகுவான்டெல் அல்லது நிக்லோசமைடு. எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, தீராத தலைவலி இருந்தாலோ கடையில் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். மூளையில் புழுக்கட்டி (இளம்புழு தங்கிய கொப்புளம்) இருந்தால் பிராசிகுவான்டெல்லே வலிப்பைத் தூண்டிவிடலாம்.

கே: மலத்தில் வெள்ளையாக, பட்டையாக ஒரு துண்டு நெளிந்தது. என்ன செய்வது?

ப: தூக்கி எறியாதீர்கள். குச்சியால் எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள். வெறும் கை படக்கூடாது. முட்டையை மட்டும் பார்த்தால் மாட்டுக்கறியால் வரும் மாட்டு வகையா, பன்றிக்கறியால் வரும் பன்றி வகையா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் தடித்த பழுப்பு ஓடு, உள்ளே ஆறு கொக்கி. துண்டு கிடைத்தால் உள்ளிருக்கும் கருப்பைக் கிளைகளை எண்ணுவோம்: பன்றி வகையில் குறைவு, மாட்டு வகையில் அதிகம்.

கே: மலப் பரிசோதனையில் ஒரு தடவை 'இல்லை' என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

ப: முட்டை தினமும் வெளியேறாது. வெவ்வேறு நாளில் மூன்று முறை கொடுங்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?

ப: உங்களுக்கும்தான். வேகாத பன்றிக்கறியிலுள்ள புழுக்கட்டியைத் தின்றால் குடலில் புழு வளரும். அந்தப் புழு இருப்பவர் கை கழுவாமல் சட்னி அரைத்தால், சாப்பிடுபவர் வயிற்றுக்குள் முட்டை போகும். அது பொரிந்து ரத்தத்தில் ஏறி மூளையில் புழுக்கட்டியாகலாம். வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் செய்த ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம்.

கே: அப்படியென்றால் பன்றி தின்கிற தெருக்காரர்களை மட்டும் பரிசோதித்தால் போதுமே?

ப: இல்லை! நன்றாக வேகவைத்துத் தின்றால் பன்றிக்கறியால் புழு வராது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடமும், அங்கே மலத்தோடு முட்டையையும் தின்னும் பன்றியும்தான் சிக்கல். புழு ஊருக்கு வெளியே ஹோட்டலில் சாப்பிட்டவர் வயிற்றிலும் இருக்கலாம். ஒரு தெருவைச் சுட்டிக்காட்டினால் அங்கிருந்து ஒரு டப்பாகூட வராது. புழு அப்படியே இருக்கும்.

கே: நான் அந்தத் தெருதான் அக்கா. மலப் பரிசோதனை முகாமில் பெயர் கேட்டதும் திரும்பிவிட்டோம்.

ப: கோபம் நியாயம்தான். பெயர் வேண்டாம், எண் மட்டும் ஒட்டுங்கள் என்று முகாம்காரர்களிடம் கேளுங்கள். எண்ணும் முடிவும் உங்கள் கையில் இருக்கட்டும். விடுதியிலும் சமையல்காரர் உட்பட எல்லோரும் இப்படியே எண் ஒட்டிக் கொடுக்கலாம்.

கே: தம்பி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான். பூச்சியா?

ப: பல் டாக்டரைப் பாருங்கள்.

கே: பூச்சி மாத்திரை எது நல்லது?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: அண்ணனுக்கு வலிப்பு, ஸ்கேனில் புழுக்கட்டி. வீட்டில் யாருக்குப் பரிசோதனை?

ப: எல்லோருக்கும். அண்ணனுக்கும், சமைப்பவருக்கும் கட்டாயம். புழு உள்ளவர் வீட்டிலேயே இருக்கலாம், அவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. இந்த வாரமே டப்பாக்களை வாங்கிக்கொள்ளுங்கள்.