காலையில் வத்திக்கான், மாலையில் வாஷிங்டன், சனிக்கிழமை சவுத் பெண்ட்

கேள்வி: எங்கள் சொந்த ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. இருபது வருடமாக அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கிறோம். நான் செவிலியர். என் கணவர் விடிந்ததும் கைபேசியை எடுத்துவிடுகிறார். யார் புதிய ஆயர், எந்தக் கர்தினால் யாரைச் சாடினார் என்று பார்ப்பார். வேலை முடிந்து வந்தால் வாஷிங்டன் அரசியல். சனிக்கிழமை, இங்கே சவுத் பெண்டில் இருக்கும் கத்தோலிக்கக் கல்லூரியான நோட்டர் டேம் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அவர் அந்தக் கல்லூரியில் படித்தவர்கூட இல்லை. போன மாதம் பூசை முடிந்ததும், குடியேறிகளைப் பற்றிய பேச்சில் நெருங்கிய நண்பரோடு கோவில் வாசலிலேயே சண்டை. இப்போது இருவரும் பேசுவதில்லை. கல்லூரி விடுமுறையில் வரும் மகள், அப்பா இருந்தால் சாப்பாட்டு மேசைக்கே வருவதில்லை. பந்தாட்டம் பார்ப்பதையாவது நிறுத்தச் சொல்லட்டுமா?
- ஒரு வாசகி, இண்டியானா

பதில்: வேண்டாம் சகோதரி. நீங்கள் சொன்ன மூன்றில் யாருக்கும் கெடுதல் செய்யாதது அது ஒன்றுதான். அதில் கை வைத்தால், மிச்சம் இருக்கும் இரண்டுக்கும் சனிக்கிழமையையும் சேர்த்துக் கொடுத்தவர் ஆவீர்கள்.

படிக்காத கல்லூரிக்கு அவர் ஏன் உயிரை விடுகிறார் என்று கேட்கத் தோன்றும். அவருக்கு முன்னால் லட்சக்கணக்கானோர் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் ராணுவக் கல்லூரி அணியோடு நோட்டர் டேம் மோதும் நாட்களில், அந்நகரத்து ஐரிஷ், இத்தாலி, போலந்துத் தொழிலாளர்கள் சுரங்க ரயில் ஏறி மைதானத்துக்குப் போவார்கள். கல்லூரி வாசலையே மிதிக்காத அவர்களுக்கு 'சுரங்க ரயில் பழைய மாணவர்கள்' என்றே பெயர் வந்தது. உங்கள் கணவர் அந்த வரிசையில் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தவர். கடலோரத்தில் காலால் உதைத்து வளர்ந்தவர், பெரும்பாலும் கையால் எறியும் ஓர் ஆட்டத்தைக் கால்பந்து என்று ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பு.

இந்தப் பித்துக்குக் காரணம் உண்டு. 1924 மே மாதம், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் சவுத் பெண்ட் நகரில் திரண்டார்கள். கத்தோலிக்கர் அமெரிக்கரே அல்லர், போப்பின் ஆட்கள் என்பது அவர்கள் பிரசாரம். நோட்டர் டேம் மாணவர்கள் தெருவில் இறங்கி அவர்களோடு கைகலந்தார்கள். அந்த நவம்பரில் கிளான் ஆதரவு பெற்ற எட் ஜாக்சன் இண்டியானாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே பருவத்தில்தான் பயிற்சியாளர் நூட் ராக்னியின் நோட்டர் டேம் அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், 1925 புத்தாண்டு நாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியை 27-10 என வென்றது. ராக்னி நார்வேயில் பிறந்த லூத்தரன். அவர் கத்தோலிக்கரானது அதே 1925-இன் இறுதியில். தேர்தலில் நடக்காதது மைதானத்தில் நடந்தது. 1928 அதிபர் தேர்தலில் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் தோற்று, இன்னொரு கத்தோலிக்கரான கென்னடி ஜெயிக்க 1960 ஆனது. அதுவரை ஏழைக் கத்தோலிக்கன் தலை நிமிர்ந்து நடந்தது சனிக்கிழமைகளில்தான்.

ஆகவே திருச்சபை, அரசியல், பந்து என்ற மூன்றும் அந்த நாட்டில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லூர்து மாதா குகைக் கெபியின் நகலும், மைதானத்தைப் பார்த்தபடி, புள்ளி விழுந்ததும் நடுவர் கை தூக்குவதுபோல் கைகளை உயர்த்தி நிற்கும் 'டச்டவுன் இயேசு' சுவரோவியமும் அந்த வளாகத்தில்தான் இருக்கின்றன. 2009-இல், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த அதிபர் ஒபாமாவைப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்ததற்காக உள்ளூர் ஆயரே விழாவைப் புறக்கணித்ததும் அங்கேதான். இப்போது சிகாகோவில் பிறந்தவரே திருத்தந்தை லியோவாகிவிட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் 'நம்ம ஆள்' என்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கிறார்கள். உங்கள் கணவருக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பந்தாட்டம் பார்க்கிற கண்ணோடு கர்தினால்களையும் பார்க்கிறார். நேற்று யார் ஜெயித்தார், யார் மண்ணைக் கவ்வினார் என்று. எனக்கும் இந்த வியாதி இருந்தது. ஒரு மறையுரை பிடிக்காமல் எழுந்து வெளியே வந்து, செருப்பைத் தேடும்போதுதான் வெட்கப்பட்டேன்.

ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவர் வாசிக்கும் திருச்சபைச் செய்திகளில், அவருடைய சொந்தக் கட்சிக்கு உறுத்துவது எத்தனை என்று எண்ணட்டும். 2025 நவம்பரில் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், கண்மூடித்தனமான கூட்ட நாடுகடத்தலை எதிர்த்துச் சிறப்பு அறிக்கை வெளியிட்டார்கள். அதே ஆயர் பேரவை, கருக்கலைப்பு எதிர்ப்பைத் தன் தலையாய முன்னுரிமை என்று வாக்காளர் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. முதலாவது குடியரசுக் கட்சிக்காரருக்கு முள், மற்றது ஜனநாயகக் கட்சிக்காரருக்கு முள். அவர் கைபேசியில் ஒரு முள்ளும் தட்டுப்படவில்லை என்றால், அவர் வாசிப்பது திருச்சபைச் செய்தி அல்ல, கட்சிச் செய்திக்கு அங்கி போட்டது. வெளிநாட்டிலிருந்து பெட்டி தூக்கிக்கொண்டு வந்த இருவர், குடியேறிகளைப் பற்றிக் கோவில் வாசலில் சண்டை போட்டதைச் சிரிக்காமல் அவரிடம் சொல்லிக்காட்ட உங்களால் முடியுமானால், அதையும் செய்யுங்கள்.

கைபேசியைப் பிடுங்காதீர்கள். ஐம்பதை நெருங்கும் ஆணிடம் பிடுங்கினால் குளியலறைக்குள் எடுத்துப் போவார். காலை ஜெபம் முடியும்வரை அதைச் சமையலறையில் வைக்கச் சம்மதம் வாங்குங்கள், அது போதும். மகளிடம் அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்கும் வேலையையும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை ஆட்டத்தின்போது அவரே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து விதிகளைச் சொல்லிக் கொடுக்கட்டும். அந்த விதிகள் புரிய மூன்று மணி நேரம் போதாது, அரசியலுக்கு நேரமிருக்காது.

அந்த நண்பரையும் குடும்பத்தோடு அதே சனிக்கிழமைக்கு அழையுங்கள். மீன் குழம்பு வையுங்கள். ஆயர் பேச்சு, தேர்தல் பேச்சு இரண்டும் சாப்பாடு முடியும்வரை கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நண்பர் எந்த அணி என்று நீங்கள் எழுதவில்லை. பாஸ்டன் கல்லூரி என்றால் மட்டும் வேறு நாள் பாருங்கள். அதுவும் கத்தோலிக்கக் கல்லூரிதான், இயேசு சபையாருடையது. 1993 நவம்பரில், முதலிடத்தில் இருந்த நோட்டர் டேமை அதன் சொந்த மைதானத்தில், கடைசி நொடியில் உதைத்த ஒரே உதையில் 41-39 என்று வீழ்த்தினார்கள். உங்கள் கணவர் கர்தினால்களை மன்னித்தாலும் அதை மன்னித்திருக்க மாட்டார்.