திருகோணமலையில் பொலிஸார் தடுத்துவைத்துத் தாக்கினால் எந்த நீதிமன்றத்தை நாடுவது?

தம்பியைப் பொலிஸார் தடுத்துவைத்துத் தாக்கியதாகவும், திருகோணமலையிலேயே வழக்குத் தொடர முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை, இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) மட்டுமே தாக்கல் செய்ய இயலும். அதுவும் மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள். உடற்காயங்களோடு இருக்கும் ஒருவருக்கு இது கொடுமையான குறுகிய அவகாசம் என்பதே என் கருத்து.

இதற்கு ஓரளவு பரிகாரம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் உண்டு. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே உள்ளது. முறைப்பாட்டின் பிரதியையும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை விவரங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

தம்பி இன்னும் தடுப்பில் இருந்தால், அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே (High Court) தாக்கல் செய்யலாம். கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

அடிப்படை உரிமை மனுவில் பெரும்பாலும் கிடைப்பது உரிமை மீறப்பட்டது என்ற பிரகடனமும் நட்டஈடுமே. தாக்கியவர் சிறை செல்லமாட்டார். தண்டனைக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றத்தில் தனிக் குற்றவியல் வழக்கு வேண்டும். குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுகள். ஆனால் அந்த வழக்கைத் தொடுப்பவர் சட்டமா அதிபர் (Attorney General), நீங்கள் அல்ல. தண்டனை கிடைக்கும் என்பதும் உறுதியல்ல. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சந்தேகநபர்கள் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லையென 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் விடுவித்ததை ஊரார் மறந்திருக்கமாட்டார்கள்.