‘டொக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அப்பா விட்டுப்போன 1993 மாடல் மகிந்திரா எம்எம் 540 என்னிடம் இருக்கிறது. தோட்டத்துப் பாதையில் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் காலடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஷாக்கிள் புஷ் மாற்றினேன், ஷாக் அப்சார்பர் நாலும் மாற்றினேன். காசு போனதே ஒழிய சத்தம் போகவில்லை. இப்போது கியர் லீவர் தரை ஓட்டையின் ஓரத்தில் உரசவும் தொடங்கிவிட்டது. பாடி ரப்பர் போயிருக்கும் என்கிறார் நண்பர். நானே மாற்ற முடியுமா ஐயா?
— ஏலக்காய் விவசாயி, கம்பம்

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்னதில் பாதியை அந்தக் கியர் லீவரே சொல்லிவிட்டது. கியர்பாக்ஸ் உட்கார்ந்திருப்பது சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில். நீங்கள் கால் வைக்கும் தரையோ பாடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் பாடி ரப்பர். அது நசுங்கினால் பாடித் தொட்டி கீழே இறங்கும், அல்லது ஒரு பக்கம் சாயும். லீவர் இருந்த இடத்திலேயே நிற்க, ஓட்டைதான் அதை நோக்கி நகர்ந்து வருகிறது.

ஆனால் ஷாக்கிள் புஷ்ஷில் ஒருமுறை ஏமாந்தவர் நீங்கள். அதனால் கழற்றும் முன் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு ரப்பருக்கும் பக்கத்தில், பாடியிலிருந்து சேஸிஸ் வரை சாக்பீஸால் நேராக ஒரு கோடு இழுங்கள். வழக்கமான பாதையில் ஒரு நடை போய்வந்து பாருங்கள். ரப்பரில் உயிர் இருந்தால் கோடு சேர்ந்தே இருக்கும். கோடு இரண்டாக விலகி நின்றால் அந்த இடத்தில் பாடி நகர்கிறது. வாஷரைச் சுற்றி இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தாலும், செங்காவித் தூள் வழிந்திருந்தாலும் அதே பொருள்தான். முன்பக்க ரப்பர்களைத் தொட்டுப் பாருங்கள். என்ஜின் ஆயில் சொட்டி ஊறிய ரப்பர் வெந்த உளுந்துபோலக் கொழகொழவென்று இருக்கும். ஆயில் கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டால் அதுவும் ஒரு வருடத்தில் அப்படித்தான் ஆகும்.

நீங்களே மாற்றலாம். மாற்றுவது சின்ன வேலை, கழற்றுவதுதான் பெரிய வேலை. 30 வருடம் அந்த போல்ட் சேறும் மழையும் குடித்திருக்கிறது. ஞாயிறு அன்று வேலை என்றால் புதன்கிழமையே கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்துவிட்டு, துருவை இளக்கும் எண்ணெய் அடிக்க ஆரம்பியுங்கள். தினமும் மாலையில் ஒருமுறை அடித்தால் போதும். கழற்றும்போது எடுத்தவுடன் இடப்பக்கம் திருகாதீர்கள். முதலில் இம்மியளவு இறுக்குங்கள். துரு ‘கிறீச்’ என்று விட்டுக்கொடுக்கும். அதன்பிறகு தளர்த்துங்கள். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் வேண்டாம், ஆறு மூலை சாக்கெட் போடுங்கள். போல்ட் தலையை வழித்துவிட்டால் அன்றைய நாள் போச்சு.

அடுத்தது, தொட்டியைத் தூக்கினால் எதெல்லாம் இழுபடும் என்று வண்டியைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை, டீசல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்டீயரிங் தண்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப், லீவர்களின் ரப்பர் உறை, இவையெல்லாம் இழுபடக்கூடியவை. ரேடியேட்டர் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஃபேன் என்ஜினோடு நிற்கும். அதைச் சுற்றியிருக்கும் கூடு பாடியோடு மேலே வந்தால், இறக்கிய பிறகு ஸ்டார்ட் செய்யும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் ஃபேனைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றிவிடக் கூடாது. எல்லா நட்டையும் தளர்த்துங்கள். வலப்பக்கத்தை முழுதாக எடுங்கள், இடப்பக்கத்தில் நட்டு நாலு மரை பிடித்தபடி இருக்கட்டும். அப்போது இடப்பக்கம் கதவின் கீல்போல வேலை செய்யும், தொட்டி நழுவாது. ஜாக்கியை வெறும் தரைத் தகட்டில் வைத்தால் தகடு குழிந்துவிடும். இரண்டடி நீளப் பலகை ஒன்றை ஜாக்கித் தலையில் வைத்து, தரைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் தாங்கவிடுங்கள். பழைய ரப்பரை உருவவும் புதியதை நுழைக்கவும் வழி கிடைத்தால் போதும். அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏற்றாதீர்கள்.

கை உள்ளே போகும் முன் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மரக்கட்டை போய்விட வேண்டும். இதை நான் படித்து எழுதவில்லை. போடியில் பட்டறை வைத்த புதிதில், மழை வருகிறதே என்ற அவசரத்தில், கட்டை வைக்காமல் கை விட்டேன். ஜாக்கி ஈர மண்ணில் வழுக்கியது. என் இடது மோதிர விரலில் இன்றும் பாதி நகம்தான் வளர்கிறது.

கழற்றிய ரப்பர்களைக் குவியலாகப் போடாதீர்கள். எந்த இடத்தில் எது இருந்தது, அடியில் எத்தனை தகடு இருந்தது என்று எழுதி வையுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய தகடுகளைக் குப்பை என்று எறிந்தவர்கள் பிறகு பானெட் ஏன் சாய்கிறது என்று என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் உள்ள இரண்டு ரப்பரில் தடித்தது சேஸிஸுக்கு மேலே, பாடியைத் தாங்க. மற்றது சேஸிஸுக்குக் கீழே, வாஷருக்கு மேல். நடுவில் ஓடும் இரும்புக் குழலை மறந்துவிடாதீர்கள். ரப்பர் எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் நீளம்தான். துருவில் குழல் கரைந்திருந்தால், நீங்கள் இறுக்க இறுக்க ரப்பர் பிதுங்கிக்கொண்டே போகும். லேத் பட்டறையில் கொடுத்துப் புதுக்குழல் வெட்டிக்கொள்ளுங்கள்.

ரப்பர் எடுத்த இடம் திறந்திருக்கும் இந்த ஒரு நாளில்தான் இரும்பையும் பார்க்க முடியும். சேஸிஸிலிருந்து நீளும் தாங்கியையும் பாடியின் குறுக்குச் சட்டத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ‘கிண்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் உள்ளே அரித்துவிட்டது. டிங்கரிங், வெல்டிங் முடித்துவிட்டுத்தான் ரப்பர். மட்கிய சட்டத்தில் புது ரப்பர் போட்டால் நீங்கள் மாற்றிய ஷாக் அப்சார்பர் கணக்கில் இதுவும் சேரும். நல்ல இரும்பாக இருந்தால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிடுங்கள்.

கடைசி இறுக்கம், ஜாக்கியை எடுத்து, தொட்டியின் முழு எடையும் ரப்பர்மேல் உட்கார்ந்த பிறகு. நடுவில் தொடங்கி இரு முனைகளுக்கும் போங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், ரப்பரில் வேண்டாம். ரப்பர் உள்ளே போக மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் ஜிப்சி எம்ஜி 413 இருக்கிறது. வாரக் கடைசியில் மலைப்பாதைக்கு எடுத்துப் போவேன். பாடி ரப்பர் உட்காரும் பாடி மவுண்டுக்கு ரப்பரை விட பாலியூரித்தேன் மேல் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். போடலாமா?
— வாசகர், கோவை

பதில்: போடலாம். ஆனால் நண்பர்கள் உங்கள் வண்டியில் வேலைக்குப் போவதில்லை, நீங்கள்தான் போகிறீர்கள். பாலியூரித்தேன் (சுருக்கமாகப் பாலி) ஆயிலில் ஊறாது, சீக்கிரம் நசுங்காது, ரொம்ப நாள் வரும். எல்லாம் உண்மை. கடினம்தான் விஷயம். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ என்ற அளவில் சாதாரண பாடி ரப்பர் சுமார் 60 என்றால், கடையில் கிடைக்கும் பாலி 80, 90 என்று இருக்கும். ஏணி போன்ற சேஸிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கைத் தான் வாங்கிக்கொண்டு பாடிக்கு விடாமல் வைப்பதுதான் இந்தப் புஷ்ஷின் வேலை. அது கல்லாக நின்றால் முறுக்கு நேராகத் தகட்டுக்குப் போகும். நாளடைவில் மவுண்ட் மூலையில் மயிரிழை போல வெடிப்பு வரும்.

இன்னொன்று அதிர்வு. மேலே கம்பம் தம்பி வைத்திருக்கும் 540-இல் 2.1 லிட்டர் பெஜோ டீசல் என்ஜின். ஐடிலில் நிற்கும்போதே கண்ணாடி நடுங்கும். அதில் பாலி போட்ட ஒருவர் மூன்றாம் மாதம் ரப்பருக்குத் திரும்பிவிட்டார், பல் கூசுகிறது என்று. உங்களுடையது 1.3 லிட்டர் பெட்ரோல், அதனால் அவ்வளவு தெரியாது. பந்தயத்துக்கே போகிற வண்டி என்றால் பாலி. வாரத்தில் ஐந்து நாள் அவிநாசி ரோட்டில் நிற்கிற வண்டிக்கு ரப்பர்தான் என் கட்சி. பாலிதான் என்று முடிவு செய்தால் சிலிகான் கிரீஸ் தடவிப் போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டில் கால்போலக் கிறீச்சிடும்.

கேள்வி: தனுஷ்கோடிக்கு 2017-இல் தார் ரோடு வரும் வரை மணலிலும் உப்புத் தண்ணீரிலும் ஓடிய ஜீப் எங்களுடையது. பாடி போல்ட்டைத் திருகினால் உள்ளே வெல்டிங் வைத்த நட்டும் சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் வைத்துச் சூடாக்கலாமா?
— வாசகி, ராமேஸ்வரம்

பதில்: கேஸ் வேண்டவே வேண்டாம் அம்மா. சுற்றியும் ரப்பர், வயர், டீசல் பைப். நட்டின் வெல்டிங் ஏற்கெனவே விட்டுவிட்டது. சூடாக்கினாலும் அதைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஆள் இல்லை.

இரண்டு வழி. தரை விரிப்பை விலக்கி, நட்டுக்கு நேர்மேலே தரையில் ஸ்பேனர் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டிப் பிடித்துக்கொள்வது ஒன்று. வேலை முடிந்ததும் அதே வட்டத்தைத் தகடு வைத்து மூடி, ஓரத்தில் சீலன்ட் பூசலாம். தரையைத் தொட மனமில்லை என்றால், பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே ரப்பர் இருக்கும் இடைவெளியில் ஆக்சா பிளேடை விட்டு, ரப்பர், குழல், போல்ட் மூன்றையும் சேர்த்து அறுத்துவிடுங்கள். எப்படியும் தூக்கிப்போடப் போகிற பொருட்கள்தானே. கை வலிக்கும், ஒன்றுக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். ஆனாலும் அறுத்தபிறகு உள்ளே புது நட்டு வைக்கத் தரையைத் திறந்துதான் ஆகவேண்டும் என்பதால், நான் முதல் வழியையே செய்வேன். புது நட்டைச் சின்னத் தகட்டில் வெல்டிங் வைத்து அந்தத் தகட்டோடு உள்ளே பொருத்துங்கள், மறுபடி சுற்றாது.

உப்புக்காற்று என்பதால் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஸ்டெயின்லெஸ் மரை ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் சாதா இரும்பையும் வேகமாக அரிக்கவிடும். தலையில் 8.8 என்று வலிமை அளவு பொறித்த துத்தநாகப் பூச்சு போல்ட் போதும், கிரீஸ் தாராளமாக. வாங்கும் முன் பழைய போல்ட்டின் மரையைக் கடையில் காட்டிவிடுங்கள். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த ஜீப்புகளில் இஞ்ச் மரை இருக்கும், மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் இரண்டும் கெடும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்சிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பட்டறையில் லாரி டயரை வட்டமாக வெட்டிப் பாடி ரப்பராகப் போடுகிறார்கள். சரியா?
— வாசகர், சின்னமனூர்

பதில்: நானும் போட்டிருக்கிறேன். உதிரி கிடைக்காத காலம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஆட்களை இறக்க வேண்டிய வண்டி வாசலில் நிற்கும். டயரை வெட்டிப் போட்டு அனுப்பினோம். ஆனால் டயருக்குள் நூலும் கம்பியும் இருக்கிறது, அது ரப்பர் மாதிரி நசுங்காது. எட்டு துண்டு வெட்டினால் எட்டும் எட்டு உயரம். அவசரத்துக்கு மலை இறங்கி வீடு சேரலாம். மறுநாள் காலை அதைக் கழற்றுகிற முதல் ஆளாக நீங்களே இருங்கள்.