11 வருட வாஷிங் மெஷின்: தூக்கிப் போடுமுன் டிரம்மைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். முன்பக்கம் கதவு உள்ள 7 கிலோ மெஷின், வாங்கி 11 வருடம் ஆகிறது. ஸ்பின் ஆகும்போது பேச்சுக்குரல் கேட்காத அளவுக்கு உறுமுகிறது. வெள்ளை வேட்டிகளில் சாம்பல் நிறக் கறை படிகிறது. போன மாதத்திலிருந்து சுடுதண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து வீட்டு மின்சாரமே போய்விடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் போட்டால் விழுவதில்லை. பார்க்க வந்தவர் பின்மூடியைக்கூடக் கழற்றாமல் “வயசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டார். சரிசெய்ய வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனிப் பழுதுகள். மின்சாரம் விழுவது ஹீட்டரால். அது சின்ன வேலை, செலவும் குறைவு. உறுமலும் கறையும் டிரம் பேரிங்கிலிருந்து வருகின்றன. மெஷினை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டிய இடம் அதுதான். 11 வருடம் என்ற கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

முதலில் ஹீட்டர். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெரும்பாலான மெஷின்களில் பின்மூடியைக் கழற்றினால் தொட்டியின் அடியில் ஹீட்டரின் முனைகள் தெரியும். சில மாடல்களில் அது முன்பக்கம் இருக்கும். இரண்டு முனைகளில் மின்கம்பிகள், நடுவில் எர்த். வயர்களைக் கழற்றி இரண்டு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 26 ஓம், 1800 வாட் 29 ஓம் காட்ட வேண்டும். அடுத்து ஒரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே மெகாஓம் அளவில் வைத்துப் பாருங்கள். நல்ல ஹீட்டரில் மீட்டர் அசையவே கூடாது. 1 மெகாஓமுக்குக் கீழே ஏதாவது எண் வந்தால் உறையில் விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

மல்டிமீட்டரின் சிறிய பேட்டரி எல்லாக் கசிவையும் காட்டிவிடாது. எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மெகர் என்ற கசிவு சோதிக்கும் கருவி 500 வோல்ட் செலுத்திப் பார்க்கும், அதன் முடிவுதான் உறுதி.

வீட்டு டிபி போர்டில் (மெயின் சுவிட்ச் பெட்டியில்) உள்ள எர்த் லீக்கேஜ் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழும்படி அமைந்தது. “அது சும்மா சும்மா விழுகிறது” என்று பிளக்கில் எர்த் கம்பியை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரக் கையோடு தொடுகிற இரும்புப் பெட்டி அது. அந்தக் கம்பியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஹீட்டரை மாற்றும்போது நடு நட்டைத் தளர்த்தி, போல்ட்டை உள்ளே தட்டினால் ரப்பர் இளகும், அப்புறம் மெல்ல ஆட்டி இழுக்க வேண்டும். புதியதை நுழைக்கும்போது ரப்பரில் துளி பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவுங்கள். பல தொட்டிகளுக்குள் ஹீட்டரின் மறுமுனையைத் தாங்க ஒரு தகட்டுப் பிடி இருக்கும். ஹீட்டர் அதற்குள் போய் உட்கார்ந்ததா என்று டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடியில் மாட்டாத ஹீட்டர் மேலே தூக்கி டிரம்மில் உரசும், சில வாரத்தில் அதுவும் போய்விடும்.

இனி பேரிங். கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினால் அது ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டம். தொட்டி நிற்க, டிரம் மட்டும் கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. பின்மூடியைத் திறந்தால் புல்லியின் (பெல்ட் சுற்றும் பெரிய சக்கரத்தின்) நடுவிலிருந்து கீழ்நோக்கித் துருநிறக் கோடு இறங்கியிருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றி, தொட்டியில் காதை வைத்துக் கேளுங்கள். கரகரப்பு கேட்டால் இனி சந்தேகமில்லை.

பேரிங் தானாகத் தேய்வது அரிது. அதற்கு முன்னால் நின்று தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் முதலில் தளர்கிறது. சோப்புத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவுகிறது, குண்டுகள் துருப்பிடிக்கின்றன. உங்கள் வேட்டியில் படியும் சாம்பல் கறை அந்தக் கிரீஸாகத்தான் இருக்கும். ஆகவே சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றுகிற மெக்கானிக்குக் கொடுக்கிற காசு வீண்.

இப்போது முக்கியமான கேள்வி: வெளித்தொட்டி எப்படி மூடப்பட்டிருக்கிறது? டார்ச் அடித்துத் தொட்டியின் நடு இணைப்பைச் சுற்றிலும் பாருங்கள். போல்ட்டுகளோ கிளிப்புகளோ வரிசையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், பிரித்து மாற்றலாம். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய ஒரே கோடாக இருந்தால், பழுதுபார்க்கும் எண்ணமே இல்லாமல் செய்த மெஷின் அது. அப்படிப்பட்ட தொட்டிக்குக் கம்பெனியிடம் கேட்டால் முழுத் தொட்டியையும் டிரம்மோடு வாங்கச் சொல்வார்கள். ரம்பத்தால் அறுத்து, பேரிங் மாற்றி, சிலிக்கான் பூசி போல்ட் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. கைத்தேர்ச்சி உள்ளவர் செய்தால் நிற்கும். முதல்முறை செய்கிற ஒருவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

போல்ட் போட்ட தொட்டி என்றால் சனிக்கிழமை முழுவதையும் ஒதுக்குங்கள், கூட ஒரு ஆளும் வேண்டும். ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்துவிடுங்கள். கான்கிரீட் எடைக்கட்டிகளைக் கழற்றிய பிறகே தொட்டியை வெளியே தூக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பு போகும். புல்லியின் நடு போல்ட் பசை போட்டு இறுக்கியிருக்கும், ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினால் இளகும். புல்லியை எடுத்ததும் அதே போல்ட்டை டிரம்மின் தண்டில் பாதிவரை திரும்ப முறுக்கிவிட்டு, அதன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டி டிரம்மை வெளியேற்றுங்கள். போல்ட் இல்லாமல் தண்டின் முனையில் நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் திருகு மறை நசுங்கி, டிரம்மே வீணாகும்.

டிரம் வெளியே வந்ததும் பேரிங்கை மறந்துவிட்டு அதன் பின்னால் இருக்கும் மூன்று கால் அலுமினியத் தாங்கியைப் பாருங்கள். சோப்புப் படிவைச் சுரண்டி எடுத்தால், அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறதா, கால்களில் விரிசல் இருக்கிறதா என்று தெரியும். எவர்சில்வர் டிரம்மோடு ஒட்டி ஈரத்திலேயே இருப்பதால் அலுமினியம் அரிக்கிறது, ப்ளீச் அதை இன்னும் வேகப்படுத்துகிறது. கால் விரிசல் விட்டிருந்தால் ஸ்பின்னில் ஒருநாள் உடைந்து தொட்டியையே கிழிக்கும். பிறகு, சீல் உட்காரும் இடத்தில், தாங்கியோடு சேர்ந்த தண்டை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் எந்தப் புது சீலும் அங்கே தண்ணீரைத் தடுக்காது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் தாங்கியை மாற்ற வேண்டும். அது தனியாகக் கிடைக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பேரிங் வாங்கிக் காசை விரயமாக்க வேண்டாம்.

தாங்கி நன்றாக இருந்தால் மேலே போகலாம். தொட்டியில் இரண்டு பேரிங்குகள் இருக்கும். பெரியதை டிரம் பக்கமும் சிறியதை புல்லி பக்கமும் வெளியேறுமாறு, பழைய வளையத்தில் மாறி மாறித் தட்டி எடுக்க வேண்டும். எண் அவற்றின் மேலேயே பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர். 6204 என்றால் 20, 47, 14. அந்த எண்ணோடு பேரிங் விற்கும் கடைக்குப் போங்கள். “வாஷிங் மெஷின் பாகம்” என்று பெட்டியில் போட்டு விற்பதைவிட, பெயர் தெரிந்த பிராண்டில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய பேரிங்கே அங்கே கிடைக்கும். சீலின் அளவும் அதன் விளிம்பில் இருக்கும். பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

புதிய பேரிங்குகளை முந்தின இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், சற்றே சுருங்கும், நுழைப்பது எளிது. பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்து, புதியதன் வெளிவளையத்தில் மட்டும் அடி விழுமாறு தட்டுங்கள். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் பள்ளம் விட்டு, புது பேரிங்கும் முதல் நாளே உறுமும். அடிவரை போனதும் சத்தம் கனமாக மாறும். சீலின் உதடுகளுக்கிடையே தண்ணீர் தாங்கும் சீல் கிரீஸை நிறைய வையுங்கள். வாசலின் வேண்டாம், சூட்டில் உருகி ஓடிவிடும். தொட்டியை மூடும்போது நடு ரப்பரைப் புதிதாகப் போடுங்கள், போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிலிக்கான் பூசினால் 24 மணி நேரம் காயட்டும். முதல் ஓட்டம் துணியில்லாமல், குளிர்ந்த தண்ணீரில். அடியில் ஒரு தாளை விரித்து வைத்தால் கசிவு உடனே தெரியும்.

தொட்டி வெளியே இருக்கும்போதே சில சின்ன வேலைகளை முடித்துவிடலாம். மோட்டாரில் கார்பன் பிரஷ் இருந்து, 15 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரை இழுத்துத் தள்ளிப் பாருங்கள், எதிர்ப்பே இல்லாமல் வழுக்கினால் அதுவும் மாற்ற வேண்டியதுதான். பம்ப் ஃபில்டரில் சேலைக்குக் குத்திய ஊக்கும் சில்லறையும் கட்டாயம் இருக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுப்பதானால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதுபார்ப்பில் போட்ட பாகத்துக்கும் அதற்கான கூலிக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகங்களையும், நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை, உங்களிடம் திருப்பித் தர வேண்டும். வேலைக்கு முன்பே “பழைய பேரிங்கையும் சீலையும் எனக்குக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டால் சீல் மாற்றினாரா என்பதும் தெரிந்துவிடும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மொத்தம் இதே அளவு புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் செய்ய மாட்டேன்.

கரண்ட் செலவுக்காகப் பழையதை மாற்றுவதிலும் பெரிய லாபமில்லை. 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் ஆகும். புது மெஷினும் அதே தண்ணீருக்கு அதே மின்சாரத்தைத்தான் எடுக்கும்.

லோட் ஷெட்டிங் வரும் நாளில் மட்டும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், மின்சாரம் திரும்பி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மின்சாரம் திரும்பும் கணத்து எழுச்சியில் சர்க்யூட் போர்டு போனால், போர்டின் விலை இந்தக் கணக்கையெல்லாம் மாற்றிவிடும். ஒருவேளை உங்கள் தொட்டி ஒட்டியதாக இருந்து புதிதே வாங்க நேர்ந்தால், கடையில் கிலோவையும் சுற்று வேகத்தையும் கேட்குமுன் தொட்டி போல்ட் போட்டதா, பேரிங்கும் சீலும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு பாகங்கள் விற்கும் கடையில் விசாரித்த பிறகு காசைக் கட்டுங்கள்.