ஆல்டோ கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கிப் பிரித்துக் கட்டுவது: கேள்வி பதில்

796 சிசி எஞ்சின், கேபிள் கிளட்ச், 5 கியர் உள்ள பழைய மாருதி ஆல்டோவை வைத்துச் சொல்லும் பதில்கள் இவை. போல்டுகளை இறுக்கும் அளவை மட்டும் உங்கள் வண்டிக் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெண்டாவது கியர் போட்டா கரகரன்னு கத்துது. கியர்பாக்ஸை இறக்கியே ஆகணுமா சார்?

உடனே இறக்காதீங்க. முதலில் எஞ்சினை அணைச்சிட்டு அஞ்சு கியரையும் போட்டுப் பாருங்க. அணைச்சா எல்லாம் லேசா விழுது, ஓடும்போது மட்டும் எல்லா கியரும் அடம்பிடிக்குது, ரிவர்ஸ் கத்துதுன்னா கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். பெடலில் 20 மி.மீ. அளவுக்கு லூஸ் இருக்கிற மாதிரி கேபிளைச் சரிசெய்யுங்க. கேபிள் உள்ளே நூல் பிரிஞ்சிருந்தா மாத்துங்க. எஞ்சின் அணைஞ்சிருக்கும்போதும் லீவர் கடினமா இருந்தா, அடியில் கியர் ராடு புஷ்களை (ராடு மூட்டில் இருக்கிற சின்ன வளையங்கள்) பாருங்க.

ஒரே ஒரு கியர், அதுவும் மூணிலிருந்து ரெண்டுக்கு இறக்கும்போது மட்டும் கத்தி, லீவரை மெதுவா ஒரு நொடி அழுத்திப் பிடிச்சா அமைதியா விழுதா? அப்போ சின்க்ரோ ரிங் (கியர் விழும் முன் வேகத்தைச் சமமாக்குற பித்தளை வளையம்) தேய்ஞ்சிருக்கு. அதுக்குப் பெட்டியைப் பிரிச்சே ஆகணும்.

கேள்வி: கியர் கத்தலை, ஆனா நியூட்ரல்ல ஒரு ஊளை சத்தம் வருது.

கிளட்சை மிதிச்சதும் சத்தம் நின்னா இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுவர்ற தண்டு) பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருதுன்னா ரிலீஸ் பேரிங் (மிதிச்சதும் கிளட்சை அழுத்தி விடுவிக்கிறது). ரிலீஸ் பேரிங்குக்குப் பெட்டியை இறக்கணுமே தவிர, பிரிக்க வேண்டாம். இந்த வித்தியாசம் தெரியாம நல்ல கியர்பாக்ஸைப் பிரிச்சுப் போடுறவங்க நிறைய.

கேள்வி: இறக்கும் வரிசையைச் சொல்லுங்க அண்ணே. ஒரு ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் இருக்கு.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ரெண்டு ஸ்டாண்டு வாங்குங்க, இல்லைன்னா இந்த வேலையைத் தொடாதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டு ஆகாது. பாரம் ஏறி ஒரு மூலை உடைஞ்சா மொத்தமா நொறுங்கிடும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி, ஆக்சில் நட்டைத் தளர்த்திடுங்க. தூக்கின பிறகு அது அசையாது. அப்புறம் பேட்டரி நெகட்டிவ். அடுத்து ஆயில்: வடிக்கிற பிளக்கைத் தொடும் முன் நிரப்புற பிளக் கழலுதான்னு பாருங்க. வடிச்ச பிறகு மேல் பிளக் கழலலைன்னா ஆயில் ஊத்த வழியில்லாம வண்டி அங்கேயே நிக்கும்.

கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், எர்த் வயர், கியர் ராடு, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் கழற்றுங்க. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ் ஆர்மை விடுவிச்சு டிரைவ் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போற தண்டு) எடுக்கும்போது ஷாஃப்டைப் பிடிச்சு இழுக்காதீங்க. இழுத்தா உள் ஜாயிண்ட் பிரிஞ்சு உருளைகள் சிதறும். கேசிங்குக்கும் ஜாயிண்டுக்கும் நடுவில் கடப்பாரை முனையை வச்சு ஒரு நெம்பு நெம்பினா சர்க்ளிப் (பிடிச்சு நிறுத்துற சின்ன வளையக் கம்பி) விட்டு வெளியே வரும்.

எஞ்சின் சம்புக்கு (அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடியில் பலகை வச்சு ரெண்டாவது ஜாக்கியால் தாங்குங்க. பலகை இல்லாட்டி சம்பு நசுங்கும். அதுக்கப்புறம்தான் மவுண்டிங்கைக் கழற்றணும். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி, பெட்டியை எஞ்சினோட சேர்க்கிற கூடு) போல்டுகள் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில் ஹவுசிங் வடிவத்தை வரைஞ்சு, அந்தந்த இடத்திலேயே போல்டைக் குத்தி வையுங்க.

கேள்வி: எல்லா போல்டும் எடுத்தாச்சு, பெட்டி வரமாட்டேங்குது.

ஒரு போல்டு மிச்சம் இருக்கும், அல்லது டவல் பின் (பெட்டியை எஞ்சினோட நேரா நிறுத்துற முளை) துருப்பிடிச்சிருக்கும். சுற்றிலும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா நெம்புங்க, பெட்டி எஞ்சினிலிருந்து நேரா விலகி வரணும். பாதி வந்ததும் பெட்டியை இன்புட் ஷாஃப்டில் தொங்க விட்டா கிளட்ச் பிளேட் வளைஞ்சிடும். ரெண்டு பேர் இருக்கணும்.

கேள்வி: கேசிங் பிரியவே இல்லை. ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு அடிக்கலாமா?

கூடவே கூடாது. அது அலுமினியம், ஒரு வடு விழுந்தா அந்த இடத்தில் ஆயில் கசிஞ்சுகிட்டே இருக்கும். பிரியலைன்னா வரிசையில் எதையோ விட்டுட்டீங்க.

முதலில் ஓரத்து மூடி. உள்ளே அஞ்சாவது கியர் தெரியும். அதன் ஃபோர்க் (கியரைத் தள்ளுற கவை) பின்னைத் தட்டி எடுத்து, சர்க்ளிப், ஹப், கியர் எல்லாம் வெளியே வரணும். இன்புட் பேரிங்கைச் சர்க்ளிப் பிடிச்சிருந்தா அதையும் விடுவிக்கணும். வெளிப்பக்கம் ரிவர்ஸ் ஷாஃப்ட் போல்டு தனியா ஒண்ணு இருக்கு. அதிகம் பேர் மறக்கிறது இதைத்தான். பிறகு கியர் மாத்துற ஷிஃப்ட் ஷாஃப்டுகளை நிறுத்துற போல்டுகள்: அதுக்கு அடியில் ஸ்பிரிங், அதுக்கு அடியில் பால் (சின்ன இரும்பு உருண்டை). போல்டைக் கழற்றினதும் காந்தத்தால் ஒவ்வொண்ணா எடுத்து எண்ணி வையுங்க. பால் மண்ணில் விழுந்தா தேடிக்கிட்டே இருக்கலாம், உள்ளே விழுந்தா அதைவிட மோசம்.

எல்லாம் எடுத்த பிறகு ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டினா கேசிங் தானா விடும்.

ஹப்பையும் (ஷாஃப்டில் இருக்கிற நடுப் பகுதி) அதன் மேல் நகரும் சிலீவையும் கழற்றும் முன் ரெண்டிலும் ஒரே கோட்டில் பெயிண்ட் அடையாளம் போடுங்க. ஒவ்வொரு ரிங்கும் அதோட கியரோடயே கட்டி வைக்கப்படணும், கலக்கக் கூடாது.

கேள்வி: ரிங் தேய்ஞ்சிருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாமே ஒரே மாதிரி தெரியுது.

பித்தளை ரிங்கின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க. நல்ல ரிங்கில் ஊசியால் கீறின மாதிரி மெல்லிய வரிகள் கூர்மையா நிக்கும், நகம் பட்டா தடுக்கும். தேய்ஞ்ச ரிங் மழமழன்னு மின்னும். அப்புறம் ரிங்கைக் கியரின் கூம்பில் கையால் அழுத்தி, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) மூணு இடத்தில் அளங்க. புதுசுக்கு 1 மி.மீ.க்கு மேல் இருக்கும், 0.5 மி.மீ.க்கு வந்தா மாத்தணும். சிலீவ் பற்களின் முனையையும் பாருங்க. கூரா இருக்கிறது மழுங்கி வட்டமா ஆகியிருந்தா, ரிங்கை மட்டும் மாத்தினா கியர் மறுபடியும் கத்தும்.

ஆயில் சீல் எல்லாம் விலை குறைவு. கையோட புதுசு போடுங்க. எஞ்சின் பின்பக்க சீலும் இப்போதான் கைக்கு எட்டும்.

கேள்வி: பேரிங் ஏத்த பிரஸ் இல்லை. சுத்தியல் போதுமா?

பழைய பேரிங்கைக் கழற்றவும் புதுசை ஏத்தவும் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோறதுதான் நல்லது. வீட்டில் செய்யணும்னா பேரிங்கை ஆயிலில் போட்டு 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்குங்க, பாத்திரத்தின் அடியைத் தொடாம தொங்க விடணும். நேரா நழுவி இறங்கும். நேரடி நெருப்பு வேண்டாம். ஷாஃப்டில் ஏத்தும்போது அடி உள் வளையத்தில்தான் விழணும். வெளி வளையத்தில் தட்டினா பந்துகள் வழியா அடி போய்ப் பள்ளம் விழும். புது பேரிங்கே ஊளையிடும். டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிச்சுத் தர்ற பகுதி) ஓரத்து ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்ற மெல்லிய வளையத் தகடு) வேற அளவுக்கு மாத்தாதீங்க.

கேள்வி: வடிச்ச ஆயிலில் ஒரே தங்கத் தூள். பயப்படணுமா?

அது பித்தளை, ரிங் தேய்மானம். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருக்கிறது சகஜம். விரலுக்குக் குத்துற இரும்புத் துண்டு கிடைச்சாதான் பல் உடைஞ்சிருக்கு, ஒவ்வொரு கியராத் தேடுங்க.

கேள்வி: கியர் ஆயில் கேட்டா, கடைக்காரர் ஜிஎல்-5 தரம் இன்னும் உயர்ந்ததுன்னு தர்றார்.

வாங்காதீங்க. அது ஹைபாய்டு பல்லுக்கான (அதிகமா உராயும் சாய்ந்த கியர் பல்) ஆயில். அதிலுள்ள கந்தக-பாஸ்பரஸ் கலவை பித்தளையைப் பாதிக்கும், வழுக்கும் தன்மையால் ரிங் கூம்பைப் பிடிக்காது. ஜிஎல்-4, 75டபிள்யூ-90. இரண்டரை லிட்டர் வாங்குங்க. வண்டி சமமா நிக்கும்போது நிரப்புற துளை விளிம்பில் வழியும் வரை ஊத்துங்க.

கேள்வி: மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

கேசிங் விளிம்பைத் தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கில்லாமத் துடைச்சு, சீலன்ட்டை மெல்லிய ஒரே கோடா விடுங்க. தாராளமா விட்டா உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். கேசிங் போல்டுகளைக் குறுக்கு வரிசையில், 20 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்க. மூடினதும், வண்டியில் ஏத்தும் முன்னாடியே, ஒவ்வொரு கியராப் போட்டு இன்புட் ஷாஃப்டைக் கையால் சுத்துங்க. எந்தக் கியரிலாவது பூட்டிக்கிட்டு நின்னா ரெண்டு கியர் ஒரே நேரம் விழுது, நடுவிலுள்ள தடுப்புப் பால் விடுபட்டிருக்கு. வண்டிக்குள் ஏத்தின பிறகு கண்டுபிடிச்சா மறுபடியும் முழு வேலை.

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த பிளாஸ்டிக் அலைன்மென்ட் குச்சி வாங்குங்க. பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம்னு எழுதியிருக்கிறதைப் பார்த்து மாட்டுங்க. திருப்பி மாட்டினா கிளட்ச் விடாது. ஸ்ப்ளைனில் (இன்புட் ஷாஃப்டில் பிளேட் ஏறுற பல் வரிசை) கிரீஸ் துளி போதும், அதிகமானா பிளேட்டில் தெறிச்சு வழுக்கும். ஹவுசிங் எஞ்சினோட முழுசா ஒட்டினப்புறம்தான் போல்டு. இடைவெளி இருக்கும்போதே போல்டால் இழுத்தா கேசிங் காது உடையும். ஒட்டலைன்னா கிராங்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி தள்ளுங்க, ஸ்ப்ளைன் பல் விழுந்ததும் டக்குன்னு உள்ளே போகும்.