பதினாறு வயதில் வாங்கிய கையெழுத்து

கேள்வி (சுருக்கமாக): தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். இருபது வருடமாக மேடையில் மென்டலிஸ்ட், அதாவது மனதைப் படிப்பதுபோல வித்தை காட்டுபவன். காசிமேட்டில் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவனை 2017-இல், அவனுக்குப் பன்னிரண்டு வயதில், என்னோடு சேர்த்துக்கொண்டேன். நான் கூட்டத்துக்குள் நடந்து போய், ஒருவர் நீட்டும் பொருளைக் கையில் வாங்கிக் கேள்வி கேட்பேன். அவன் மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வான். ரூபாய் நோட்டின் நம்பர்வரை சொல்வான். சோறு போட்டேன், ஸ்கூல் பீஸ் கட்டினேன், டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்திருந்தேன். 2021-இல் 20 ரூபாய் பத்திரத்தில் ‘ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன், விலகினால் பத்து வருடம் தனியாக ஷோ செய்ய மாட்டேன்’ என்று அவனும் அவன் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். போன வருடம் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். இப்போது தங்கையை மேடையில் உட்காரவைத்து, அதே ஷோவைக் கொளத்தூர், பெரம்பூர் அபார்ட்மென்ட்களில் பாதி ரேட்டுக்குச் செய்கிறான். எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள், எந்த எண் என்று எழுதிய சங்கேத நோட்டும் அவனிடம்தான் இருக்கிறது. தடை உத்தரவு, திருட்டு கேஸ், பத்து லட்சம் நஷ்டஈடு மூன்றும் வேண்டும்.

பதில்:

ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. பத்திரம் எழுதிய அன்று அவருக்குப் பதினாறு வயது.

மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. பிறகு ரத்து செய்துகொள்ளலாம் என்ற வகைகூட இல்லை, எழுதிய அன்றே அதற்கு உயிர் கிடையாது. 1903-இல் மோஹரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றுவரை அதுதான் சட்டம். ‘அம்மாவும் கையெழுத்துப் போட்டாரே’ என்பீர்கள். மைனர் மகள் நடிப்பதற்காக அப்பா ஒரு சினிமாத் தயாரிப்பாளரோடு போட்ட ஒப்பந்தம் 1940களின் கடைசியில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ராஜ்ராணி எதிர் பிரேம் அதீப் என்பது வழக்கின் பெயர். ‘செல்லாது’ என்றுதான் தீர்ப்பு. பதினெட்டு முடிந்த பிறகும் அவர் உங்களோடு ஷோ செய்தார், ஆகவே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று ஐந்தாம் பக்கத்தில் வாதாடியிருக்கிறீர்கள். செல்லாததை ஏற்றுக்கொண்டு செல்லவைக்க முடியாது. மேஜர் ஆனதும் புதிதாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் வாங்கவில்லை.

வயது சரியாக இருந்திருந்தாலும் அந்தப் ‘பத்து வருடம்’ நின்றிருக்காது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு சொல்கிறது. கூட வேலை செய்யும் காலத்துக்குக் கட்டுப்பாடு போடலாம். விலகிப் போனவர் மேல் அது ஓடாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை அவருடைய மேனேஜ்மென்ட் கம்பெனி ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிடித்துவைக்கப் பார்த்தபோது, 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆக, பத்திரத்தை எடுத்து ஓரமாக வையுங்கள்.

சோறு, ஸ்கூல் பீஸ், டெங்கு எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். நன்றி மறந்ததற்குத் தண்டனை தரும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை. அப்புறம், பாதி ரேட்டுக்குச் செய்கிறார் என்பது குற்றம் இல்லை, போட்டி. திருட்டு கேஸும் நிற்காது. நோட்டு எப்போதும் அவருடைய பையில்தான் இருக்கும், எழுதியதும் அவர்தான், உங்கள் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன் கையால் எழுதிய நோட்டைத் தன் பையில் வைத்திருப்பவரைத் திருடன் என்றால் ஸ்டேஷனில் சிரிப்பார்கள்.

காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மேஜிக் கலைஞர் டெல்லர் வழக்கின் செய்தியை இணைத்து, ‘அங்கே ஜெயித்தார்களே’ என்கிறீர்கள். டெல்லர் தன்னுடைய நிழலும் ரோஜாவும் வரும் காட்சியை 1983-லேயே நாடகப் படைப்பாகப் பதிவு செய்துவைத்திருந்தார். அதை அப்படியே செய்து யூடியூபில் போட்டு, ரகசியத்தை விற்கவும் முன்வந்த ஐரோப்பியக் கலைஞர் ஒருவர் மேல்தான் வழக்கு. 2014-இல் அந்த நீதிமன்றம் மேடைக் காட்சிக்குப் பாதுகாப்பு கொடுத்தது, தந்திரத்துக்குக் கொடுக்கவில்லை. நம் ஊரிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கருத்துக்குக் காப்புரிமை கிடையாது என்பது 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். நீங்கள் மேடையில் பேசும் வசனம், அந்த ஆரம்பக் கதை, காட்சிகளின் வரிசை ஆகியவற்றை நீங்கள் எழுதியிருந்தால் அவை உங்களுடையவை. ‘இந்தச் சொல்லுக்கு இந்த எண்’ என்ற முறை யாருக்கும் சொந்தமில்லை. நம் காப்புரிமைச் சட்டத்தில் ‘நிகழ்த்துபவர்’ என்ற பட்டியலில் செப்படி வித்தைக்காரரையும் பாம்பாட்டியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த உரிமை உங்கள் ஷோவைப் படம்பிடித்துப் பயன்படுத்துவது பற்றியது. அவர் இன்ஸ்டாகிராமில் போடும் பழைய கிளிப்பில் நீங்கள் இருக்கிறீர்கள் சரி, அவரும்தானே இருக்கிறார்?

மிச்சம் இருப்பது ஒன்றுதான். ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், நம்பிக்கையின் பேரில் சொன்ன ரகசியத்தை வெளியிடாதே என்று கேட்கலாம். இதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, தீர்ப்புகளை வைத்துத்தான் வாதாட வேண்டும். உங்களிடம் வக்காலத்து வாங்க யாராவது முன்வந்தால் இந்த வழியில்தான் போவார். உங்கள் தொழிலே முடிந்துபோகக்கூடிய இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரகசியத்தைக் காப்பாற்று என்று கேட்டால், நீதிபதி முதலில் கேட்பது ‘எது ரகசியம்?’ என்றுதான். ‘என் முறை’ என்று மொட்டையாகப் பிராதில் (வழக்கு மனுவில்) எழுதினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். கேள்வியின் முதல் சொல்லில் பதிலை மறைத்து அனுப்புவது பாரிஸில் ராபர்ட்-ஹூடின் என்ற மேஜிக் கலைஞர் தன் மகனை வைத்து 1846-லேயே மேடையில் செய்தது. அவ்வளவு தூரம் எதற்கு, மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போய்வந்தவர்களைக் கேளுங்கள். மோடி மஸ்தான் ஒரு பையனைப் படுக்கவைத்துக் கறுப்புத் துணியைப் போர்த்தி, ‘ஐயா சட்டைப் பையில் என்ன இருக்கு?’ என்று கேட்பார். துணிக்கு உள்ளிருந்து ‘பேனா’ என்று குரல் வரும். ஊர் பார்த்த வித்தையில் உங்களுக்கு மட்டும் சொந்தமான பகுதி எது என்று காட்ட, உங்கள் சங்கேத அட்டவணையைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

தாக்கல் செய்தால், விசாரணையில் அது ‘சான்றாவணம் ஏ-3’ என்று வழக்குக் கட்டில் சேர்ந்துவிடும். மூன்றாம் நபர் நகல் மனு போட்டு, காரணம் சொல்லி வாங்கப் பார்ப்பார்கள். முத்திரையிட்ட உறையில் கொடுக்கிறேன், தனி அறையில் விசாரியுங்கள் என்று நாம் மனு போடலாம். கிடைத்தாலும் கிடைக்கும், ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. உறைக்குள் இருந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அவருடைய ஜூனியர், குமாஸ்தா எல்லோரும் அதைப் பார்ப்பார்கள்.

அடுத்தது குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டி, ‘இதைக் காட்டினால் என்ன கேட்பீர்கள்?’ என்பார். கூண்டில் நிற்கும் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘பேனா என்பதைக் குறிக்க நான் இன்ன சொல்லைப் பயன்படுத்துவேன் என்றால் சரிதான்’ என்று அது தட்டச்சாகும். பிறகு வாட்ச், பிறகு ரூபாய் நோட்டு, பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை ஒவ்வொரு எண்ணும். மசாலாப் பொடி வியாபாரி ஒருவர், கூட இருந்த கூட்டாளி கைப்பக்குவத்தைக் கொண்டுபோய்விட்டார் என்று வழக்குப் போட வந்தார். எவ்வளவு சொல்லியும் கேட்காமல், எத்தனை கிராம் எது என்று பிராதிலேயே எழுதவைத்தார். இடைக்காலத் தடையும் கிடைக்கவில்லை. முன்பு ஒரு கூட்டாளிக்கு மட்டும் தெரிந்திருந்த அளவு, இரண்டாவது வாய்தாவிலேயே கடைத்தெரு பூராவும் தெரிந்துபோனது.

நீங்கள் இப்போதே அந்த வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் உதாரணத்துக்கென்று மூன்று சங்கேதச் சொற்களைப் போட்டிருக்கிறீர்கள். அவற்றை எடுத்துவிட்டுத்தான் மேலே சுருக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். சரி, எப்படியோ தடை வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பத்துச் சொல்லை மாற்றித் தங்கைக்கு ஒரு வாரம் பழக்கினால் அது வேறு சங்கேதம். உங்கள் உத்தரவு பழைய நோட்டின் மேல்தான் ஓடும்.

இன்னொரு ஆபத்தை நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள். உங்கள் கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கும் பக்கங்கள்தான் அது. பன்னிரண்டு வயதில் சேர்த்தேன், திருவொற்றியூர் திருவிழாவில் இரவு பதினொன்றரைக்கு மேடை ஏற்றினேன், ஷோவுக்கு இருநூறு ரூபாய் அம்மா கையில் கொடுத்தேன். பிராதில் இவை வந்தால், சத்தியப் பிரமாணத்தோடு நீங்களே கொடுத்த ஒப்புதல். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கும், கேளிக்கைத் துறையில் கலைஞராக இருப்பதற்கும் விதிவிலக்கு உண்டு. கலைஞராக என்றாலும் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். இவற்றில் ஒன்றாவது செய்தீர்களா? கடிதத்தில் இல்லை.

இத்தனை வருடம் கழித்து அதற்காக உங்கள் மேல் வழக்கு நடத்தக் காலக்கெடு தாண்டியிருக்கும், ஜெயில் பயம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி பள்ளி ஆண்டு விழாக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிருரையில், அதாவது அவர் தாக்கல் செய்யும் பதிலில், ‘வாதி என்னைப் பன்னிரண்டு வயதில் நள்ளிரவில் வேலை வாங்கினார்’ என்று ஒரு பத்தி வந்து, அதை யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டால், எந்தத் தலைமை ஆசிரியர் உங்களைக் கூப்பிடுவார்? அதை எழுதவைக்கும் வழக்கறிஞரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் முதல் பத்தியாகவே வைப்பேன்.

வாட்ஸ்அப் என்றதும் ஞாபகம் வருகிறது. ஈவென்ட் மேனேஜர்கள் குரூப்பில் ‘இந்தத் திருடனுக்கு ஷோ கொடுக்காதீர்கள்’ என்று அவருடைய போட்டோவோடு போட்டதாகச் சொல்கிறீர்கள். பாரதிய நியாய சம்ஹிதா 356-ஆம் பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு வருடம்வரை போகலாம். இன்றைய நிலையில் நல்ல கேஸ் இருப்பது அவரிடம்தான், உங்களிடம் இல்லை. இன்றே அதே குரூப்பில் ‘அந்தப் பதிவைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று ஒரு வரி போடுங்கள். விளக்கமெல்லாம் வேண்டாம்.

ஆக, சமரசம்தான். மத்தியஸ்தத்தில் பேசுவது ரகசியம், அதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. உங்களைப் போன்றவருக்கு இதைவிட என்ன வேண்டும்? உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சமரச மையம் இருக்கிறது. அதுவரைகூடப் போகாமல், அவருடைய அம்மாவை நடுவில் வைத்துப் பேசினாலே முடியக்கூடிய விஷயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் அன்று உங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர். உங்கள் மேல் இன்னும் மரியாதை வைத்திருப்பவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்ன கேட்பது? ரகசியத்தைத் திரும்பக் கேட்காதீர்கள், அது திரும்பி வராது. உங்கள் மேடைப் பெயருக்குப் பின்னால் ‘ஜூனியர்’ சேர்த்துத்தான் அவர் ஷோ செய்கிறார் என்று ஏழாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. கடிதத்தில் சட்டப்படி உங்களுக்குச் சாதகமான வரி அது ஒன்றுதான், அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடப் பெயர், அதைக் காட்டி ஆள் சேர்ப்பது கூடாது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பெயரை விடட்டும், போஸ்டரில் உங்கள் படத்தை எடுக்கட்டும், உங்கள் ஆரம்பக் கதையையும் வசனத்தையும் பேசாமல் இருக்கட்டும், முறையை யாருக்கும் விற்காமலோ வீடியோவில் உடைத்துக் காட்டாமலோ இருக்கட்டும். இவ்வளவும் எழுத்தில் நிற்கும். ‘பெரம்பூரைத் தாண்டி வராதே’ என்று எல்லை பிரிக்கப் பார்க்காதீர்கள், அது மறுபடியும் 27-ஆம் பிரிவில் போய் விழும்.

கூடவே இரண்டு சின்ன வேலை. பெயரைக் கேளிக்கைச் சேவைகளுக்கான வகுப்பு 41-இல் வணிகக் குறியாகப் பதிவுக்குப் போடுங்கள், தனிநபர் ஆன்லைனில் போட்டால் அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். வசனத்தை மட்டும் 500 ரூபாய் கட்டிக் காப்புரிமைப் பதிவு செய்துகொள்ளுங்கள், சங்கேத அட்டவணையை அதோடு சேர்த்துவிடாதீர்கள். அடுத்து சேர்க்கும் ஆள் பதினெட்டு தாண்டியவராக இருக்கட்டும், நோட்டு உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும், கோழி கிளறினாலும் பரவாயில்லை.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், அவர் போவதற்கு முந்தைய நான்கு ஷோவுக்குப் பணம் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் போன் செய்வதற்கு முன்னால் அந்தப் பணத்தை அவருடைய கணக்கில் போட்டுவிடுங்கள். கையில் கொடுக்க வேண்டாம், வங்கி வழியாகவே போகட்டும்.