கவரால் வாங்குமுன் குந்திப் பாருங்கள்

கேள்வி: லேபிளில் ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று இருந்த கவரால் (சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த வேலை உடுப்பு). பொறி பட்ட இடமெல்லாம் ஓட்டை, ஓரம் கறுத்து மணி மணியாக நிற்கிறது. ஒரு பொறி தோலோடு ஒட்டிக்கொண்டது. (வெல்டர், காட்பாடி)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பருத்தி கருகும், உருகாது. மணி கட்டினால் அதில் பாலியெஸ்டர் இருக்கிறது. உள்மடிப்பில் நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் பருத்தி. பிளாஸ்டிக் நாற்றமும் கெட்டியான உருண்டையும் என்றால் பில்லோடு கடைக்குப் போங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் தந்தாக வேண்டும். மறுத்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். கடைக்காரர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். அடுத்த முறை பாக்கெட்டுக்கு மூடி இருக்கிறதா, காலில் வெளிமடிப்பு இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பொறி விழுந்து தங்குவது அங்கேதான்.

கேள்வி: நல்ல பருத்தி கவரால்தான். ஆனால் துவைத்ததும் சல்லடையாகிவிடுகிறது. (பேட்டரி கடை, குடியாத்தம்)

பதில்: ஆசிட். தெறித்த துளி காயக் காய அதன் வீரியம் ஏறும், பருத்தியை அரிக்கும். துவைக்கும்போது அரித்த இடம் உதிர்ந்துவிடும். வெல்டருக்குச் சொன்னது உங்களுக்கு ஆகாது. பாலியெஸ்டர் கலந்த துணி எடுத்து, மேலே ரப்பர் ஏப்ரன் கட்டுங்கள்.

கேள்வி: எக்ஸ்.எல். கவரால், மூன்றாம் நாளே கவட்டில் கிழிந்துவிட்டது. டபுள் எக்ஸ்.எல். வாங்கலாமா? (மெக்கானிக், ஆற்காடு)

பதில்: வேண்டாம். தோளும் கையும் தொளதொளவென்று தொங்கும், கவட்டில் மறுபடி கிழிந்தாலும் கிழியும். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருஷ வயிற்றெரிச்சல் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டைக்கு மார்பளவு, பேண்ட்டுக்கு இடுப்பும் நீளமும் இருந்தால் சமாளிக்கலாம். நீங்கள் குந்தினால் சட்டை மேலே ஏறிக்கொள்ளும், பேண்ட் கீழே இறங்கிக்கொள்ளும். கவரால் தோளிலிருந்து கவட்டு வரை ஒரே துணி, அது எங்கே ஏறும், எங்கே இறங்கும்? கடைக்காரரோ மார்பை மட்டும் கண்ணாலேயே அளந்து ‘எக்ஸ்.எல். சார்’ என்று எடுத்துப் போடுகிறார்.

அளக்க வேண்டியது இப்படி: ஒரு தோளின் நடுவில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால் நடுவே கொடுத்து, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவாருங்கள். அதைவிடக் கவரால் நாலைந்து அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் இந்த அளவைக் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ‘ஃப்ரீ சைஸ் சார், எல்லாருக்கும் வரும்’ என்றார். யாருக்கு வரும்? கடையிலேயே போட்டுப் பார்த்து, வெட்கப்படாமல் குந்துங்கள். இரண்டு கையையும் லிஃப்டில் நிற்கிற வண்டியைத் தொடுவதுபோல் தூக்குங்கள். அப்புறம் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கவட்டில் தனித்துண்டு வைத்து இரண்டு மூன்று தையல் ஓடியிருந்தால் எடுங்கள், ஓரம் பிரியாமலிருக்கப் போடும் வெறும் ஓவர்லாக் தையல் என்றால் அங்கேயே வையுங்கள். டெய்லரிடம் தைப்பதாக இருந்தால் பருத்தித் துணியை ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயப்போட்ட பிறகு கொடுங்கள். சுருங்குவது தைக்கும் முன்பே சுருங்கட்டும்.

கேள்வி: கவராலுக்கு ஜிப் நல்லதா, பட்டன் நல்லதா?

பதில்: இரண்டிலும் நான் பட்டவன். முதலில் வாங்கியது இரும்புப் பட்டன். மச்சான் காரின் பானெட் மேல் சாய்ந்தேன், பெயிண்டில் கோடு விழுந்தது. அவர் இன்னும் அந்தக் கோட்டைத் தடவிக் காட்டுகிறார். அடுத்தது ஆறு பாக்கெட், நைலான் ஜிப். அக்னி நட்சத்திரத்து மத்தியானம், மொபெட்டைப் பிரித்துப் போட்டிருந்தேன். ஜிப் நெஞ்சுக்குழியில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கத்திரிக்கோலோடு வந்துதான் என்னை வெளியே எடுத்தார். பித்தளை ஜிப், மேலிருந்தும் கீழிருந்தும் திறப்பது, அதை மூட ஒரு துணிப்பட்டை. இது மூன்றும் இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: எட்டுப் பையன்களுக்கும் ஒரே சைஸில் மலிவாக வாங்கினேன். யாருக்கும் சரியாக இல்லை. லேபிளைக் கிழித்து, இரண்டு நாள் போட்டும் ஆயிற்று. திருப்பலாமா? (பட்டறை உரிமையாளர், வாலாஜாபேட்டை)

பதில்: எட்டுப் பேருக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்குவீர்களா? துணியில் குறை இல்லை, வாங்கியதில்தான். டெய்லரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அதுவரை தொங்குகிற கையோடு எவரையும் லேத் பக்கம் விடாதீர்கள். லேத்தில் இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற சக் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: பாத்ரூம் போக முழுக்கக் கழற்ற வேண்டியிருக்கிறது. அதனால் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. (சர்வீஸ் சென்டர் பெண் ஊழியர், சத்துவாச்சாரி)

பதில்: வேலூர் வெயிலில் இதைச் செய்யாதீர்கள் அம்மா. அதே துணியில், அதே கலரில் சட்டையும் பேண்ட்டும் தனித்தனியாகத் தைத்துக்கொள்ளலாம். சூப்பர்வைசர் ‘யூனிஃபார்ம்’ என்று இழுத்தால், ஒரு நாள் அவரைத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரீஸ் கறைக்கு பெட்ரோலில் அலசி வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: வீடு வேண்டாம் என்றால் போடலாம்.

கேள்வி: எந்தக் கலர் நல்லது?

பதில்: ஒரு மாசத்தில் எல்லாம் ஒரே கலர்தான்.

கேள்வி: கடைப் பெயர் அச்சடித்துத் தருகிறேன் என்று வெளியூர்க்காரர் ஜிபேயில் 3,000 ரூபாய் வாங்கினார். வந்தது கொசுவலை மாதிரித் துணி. பில் கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது போன் எடுப்பதில்லை. (ஏசி மெக்கானிக், ராணிப்பேட்டை)

பதில்: கூச்சப்பட வேண்டியவர் அவர். பில் தராததே முறையற்ற வணிகம். சொந்தக் கையால் பிழைப்பு நடத்த வாங்கினாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நுகர்வோர்தான். அவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. முதலில் 1915-இல் பதிவு செய்யுங்கள். ஜிபே ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் அந்த வாட்ஸ்அப் பேச்சை மட்டும் அழித்துவிடாதீர்கள்.